பட்டர் மரத்தை நட்டவர்

ஜனவரி 4, வியாழன்

காலை பதினொரு மணிக்கு ஆராய்ச்சி நிலையத்து ஜீப் வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் ஓர் இளம்பெண். பெயர் கார்குழலி, பழப்பயிர் விஞ்ஞானி என்று அறிமுகம் செய்துகொண்டார்.

"செபஸ்தியான் சார் வீடுதானே? இந்தச் சரிவுல சாகாம நிக்கிற பட்டர் மரம் உங்ககிட்ட ஒண்ணு இருக்குன்னு கடையில சொன்னாங்க."

இருக்கிறது. மூன்று வருஷமாக வேர் அழுகல் நோய் எங்கள் மலையின் கிழக்குச் சரிவை மொட்டையடித்துவிட்டது. காப்பிக்கு நிழலாக நின்ற வெண்ணெய்ப்பழ மரங்கள் உச்சியில் மஞ்சளாகி, இலை சிறுத்து, கொப்பு கொப்பாகக் காய்ந்தன. என் தோட்டத்தில் மட்டும் பதினொன்று போயிற்று. எஸ்டேட் தொழிலாளர்களின் பழைய லைன் வீடுகள் இருந்த மேட்டில் நிற்கும் ஒன்றுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. அதைச் சுற்றி நின்ற நான்கும் செத்த பிறகும் அது பச்சையாக நிற்கிறது.

கார்குழலி மரத்தை மூன்று சுற்று சுற்றினார். வேரோரம் மண்ணைக் கிளறி, சல்லிவேர்களை வெட்டிப் பாலித்தீன் பையில் போட்டார். அண்ணாந்து பார்த்து, "தை பொறக்கப்போகுது, இன்னும் காய் கிடக்கே சார்!" என்று ஆச்சரியப்பட்டார். மற்ற மரங்கள் ஆவணி, புரட்டாசியில் முடித்துவிடும். இது மார்கழிக்கு மேல்தான் முற்றும். ஒரு கொப்பில் காய் கிடக்கும்போதே அடுத்த கொப்பில் பூ வந்துவிடும்.

ஒரு மரத்துக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று என் மனைவி லூர்து கேட்டாள். அவளுக்கு இப்படிச் சொன்னேன்: ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு அம்மை வந்து, ஒருத்திக்கு மட்டும் வரவில்லை என்றால், டாக்டர் அந்த ஒருத்தியைத்தான் கூப்பிட்டுப் பார்ப்பார். அதுபோலத்தான் இதுவும். இந்த மரத்தின் கொட்டையில் வரும் கன்றுகளுக்கு நோய் தாங்கும் வேர் இருந்தால், அவற்றின் மேல் நல்ல ரகங்களை ஒட்டுக்கட்டலாம். மலை முழுக்க மறுபடி பட்டர் வரும்.

போகும்போது கார்குழலி ஒரு படிவம் கொடுத்தார். பன்னிரண்டு கட்டங்கள். "உழவர் ரகமாப் பதிவு பண்ணலாம் சார். முப்பதாம் தேதி குழு வந்து பார்க்கும். பிப்ரவரி பத்தொன்பது கடைசிக் கூட்டம். காத்து வளர்த்தவர்னு உங்க பேர் ஆவணத்துல நிரந்தரமா இருக்கும்."

முப்பத்துநான்கு வருஷம் அறிவியல் பாடம் நடத்தினேன். எழுதியதெல்லாம் கரும்பலகையில். மணி அடித்ததும் அடுத்த வாத்தியார் வந்து துடைத்துவிடுவார். அந்த 'நிரந்தரமா' என்ற சொல்லை வைத்துக்கொண்டே மாலை முழுவதும் போயிற்று.

ஜனவரி 5, வெள்ளி

களத்தில் காப்பி காய்கிறது. பனி விலகப் பத்து மணி ஆயிற்று. ரத்தக்கொதிப்பு மாத்திரை நாளையோடு தீர்கிறது.

ஜனவரி 6, சனி

படிவத்தில் ஆறு கட்டங்கள் நிரப்பினேன்.

இரண்டாவது, 'வட்டாரப் பெயர்கள்'. எங்கள் மலையில் யாரும் அவகேடோ என்று சொல்வதில்லை. பாடப்புத்தகத்தில் வெண்ணெய்ப்பழம், பேச்சில் பட்டர். வத்தலக்குண்டு வியாபாரி மட்டும் பட்டர் புரூட் என்று முழுசாகச் சொல்வான். ஜீப் ஓட்டி வந்தவரின் குடும்பம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியது. "எங்கம்மா ஆனைக்கொய்யான்னுதான் சொல்லும் சார். சின்னப் பிள்ளையில இங்க வந்தப்ப, பட்டர்ங்கிறது வேற ஏதோ பழம்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். எல்லாவற்றையும் எழுதினேன். ஒரே பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வேலைக்குப் போன ஊரில் ஒரு பெயர் இருப்பதில்லையா?

ஐந்தாவது, 'சதையின் நிறம்'. ஒரு பழத்தை அறுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தோலை ஒட்டி இலைப் பச்சை, நடுவில் தளிர்ப் பச்சை, கொட்டைப் பக்கம் வெண்ணெய் மஞ்சள். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் மருமகள் சமையலறைச் சுவருக்கு 'அவகேடோ பச்சை' அடித்திருக்கிறாள். போன வருஷம் பழத்தை அந்தச் சுவரோரம் பிடித்துப் பார்த்தேன். பழத்தின் எந்த இடத்தோடும் சுவர் ஒத்துப்போகவில்லை. மூன்று நிறத்தையும் வரிசையாக எழுதினேன். உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் அறிவியல் என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

ஆறாவது, 'ரகத்துக்கு முன்மொழியும் பெயர்'. பென்சிலால் 'செபஸ்தியான்-1' என்று எழுதிப் பார்த்தேன். லூர்து பின்னால் நிற்பது தெரியவில்லை.

"மரத்துக்கு ஞானஸ்நானம் வேற குடுக்கப்போறீகளா?"

"ரகம்னா ஒரு பேர் வேணும்ல?"

"அதான் ஏற்கெனவே இருக்கே. வெள்ளத்தாயி மரம்."

"அது ஊர்ப்பேச்சு" என்றேன்.

ஜனவரி 8, திங்கள்

ஏழாவது கட்டம்: 'மரத்தை நட்டவர் அல்லது தேர்ந்து காத்தவர் – பெயரும் வரலாறும்'.

நியாயமாக யோசிப்போம். இந்த மூன்று ஏக்கர் ஒரு காலத்தில் எஸ்டேட்டைச் சேர்ந்தது. மேட்டில் லைன் வீடுகள் ஐந்து இருந்தன. கடைசி வீட்டில் வெள்ளத்தாயி இருந்தாள், காப்பி பறிக்கிறவள். 1991-இல் நான் நிலத்தை வாங்கியபோது அந்த ஐந்து குடும்பத்தாரும் கீழே காலனிக்கு இடம் மாறிக்கொண்டார்கள். மரம் அப்போது ஆள் உயரம். அவள் வீட்டுக்குப் பின்னால் நின்றதால் ஊரில் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். இதற்கு ஓர் உதாரணம்: நான் படித்த ஊரில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கு டாக்கீஸின் பெயர். டாக்கீஸை இடித்து இருபது வருஷம் ஆகிறது. இன்னமும் அதே பெயர்தான். அதனால் நிறுத்தம் டாக்கீஸ்காரருக்குச் சொந்தம் ஆகிவிடுமா?

எழுதினேன்: 'என் தோட்டத்தில் தானே முளைத்த நாற்றாக அடையாளம் கண்டு, 1991 முதல் என்னால் பாதுகாக்கப்பட்டு வருகிறது.' கட்டத்தில் இடம் போதவில்லை. தனித்தாள் ஒன்று இணைத்தேன்.

"வெள்ளத்தாயிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்றாள் லூர்து, அரிசி களைந்தபடி.

"கேக்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா கேக்குறதுல என்ன?"

நான் பதில் சொல்வதற்குள் பால்காரர் வந்துவிட்டார்.

ஜனவரி 11, வியாழன்

வெள்ளத்தாயி காய் பறிக்க வந்தாள். வருஷா வருஷம் இந்த மரத்துக்கு அவள்தான் வருவாள். வேறு ஆளை விட்டால் கொப்பை ஒடித்துவிடுவான் என்று அவளே சொல்லி வைத்திருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது இளையவள், அறுபத்தாறு. இப்போதெல்லாம் ஏறுவதில்லை. நீளத் தொரட்டியின் நுனியில் வலைப்பை கட்டி, கீழே நின்றே பறிக்கிறாள்.

பட்டர் காய் மரத்திலேயே பழுக்காது. பறித்து வைத்தால்தான் கனியும். அதனால் எப்போது பறிப்பது என்பதில்தான் சூட்சுமம். அவள் ஒரு காயைக் காதோரம் வைத்து ஆட்டினாள்.

"இது இன்னும் பேசல சார்."

"என்னது?"

"கொட்ட பேசணும். முத்துச்சுன்னா உள்ள லொடலொடன்னு ஆடும். தோலும் பளபளப்பு போயி, தூசி படிஞ்சாப்புல மங்கிரும். அப்பப் பறிச்சாத்தான் ருசி. இல்லாட்டி ரப்பரு."

காம்பில் ஒரு விரற்கடை விட்டு வெட்ட வேண்டும் என்றும் சொன்னாள். காம்பு பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்தக் குழியிலிருந்துதான் அழுக ஆரம்பிக்கும். ஒன்பதாவது கட்டம், 'முதிர்ச்சி அறியும் முறை'. பத்தாவது, 'அறுவடை முறை'. இரண்டையும் மாலையில் நிரப்பிவிட்டேன். 'எனது முப்பதாண்டு அவதானிப்பின்படி' என்று ஆரம்பித்தால் வாக்கியம் நன்றாக அமைகிறது.

"அந்த ஜீப்பு எதுக்கு சார் வந்துச்சு? சீக்கு புடிச்ச காடுன்னு இதையும் வெட்டச் சொல்றாகளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. மரம் நல்லா இருக்குன்னு பாத்துட்டுப் போனாங்க."

"அது நல்லாத்தான் இருக்கும்" என்றாள், மரத்தைப் பார்த்து.

படிவத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் தொரட்டியைத் தூக்கிவிட்டாள். வேலை நேரத்தில் பேச்சுக் கொடுப்பது முறையில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கலுக்குப் பேத்தி போனில் பேசினாள். "தாத்தா, ஒரு மரத்துக்கே உங்க பேராமே!" மகன் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியரும் கூப்பிட்டு வாழ்த்தினார். இன்னும் முடிவாகவில்லை என்றுதான் சொன்னேன்.

ஜனவரி 20, சனி

பதினொன்றாவது கட்டம்: 'மரத்துக்கு நேர்ந்த இடையூறுகள் – நோய், வறட்சி, வெட்டுதல் முதலியன'. 'ஏதுமில்லை' என்று எழுதினேன்.

1993-இல் நடந்ததைப் படிவத்தில் எழுதத் தேவையில்லை. இங்கே எழுதி வைக்கலாம், நாட்குறிப்புதானே.

அப்போது அந்த மேட்டைச் சமப்படுத்திக் காப்பிக் களம் போட நினைத்தேன். மரம் நிழல் கட்டியது. அதுவரை ஒரு காய்கூடக் காய்த்ததில்லை. வெட்டுவதற்கு ஆள் கூட்டிக்கொண்டு போனால், அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றியிருக்கிறது. குங்குமம் அப்பியிருக்கிறது. தூரில் மூன்று கல். முந்தின நாள் மாலைவரை அங்கே ஒன்றும் இல்லை. வெட்டுகிறவன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டான். லூர்துவை அழைத்துவந்தேன், அவளாவது சிரிப்பாள் என்று. நாங்கள் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிற குடும்பம். அவளோ, "எந்தச் சாமியா இருந்தா என்ன, நேந்து கட்டினத வெட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டாள். களத்தை வேறு இடத்தில் போட்டேன்.

துணி யாருடையது என்று எனக்குத் தெரியும். வெள்ளத்தாயியின் பழைய சேலைக் கிழிசல், மஞ்சள் தண்ணீரில் நனைத்தது. அந்த வாரம் எட்டாம் வகுப்பில் மூடநம்பிக்கை பற்றிப் பாடம் எடுத்தேன். பெயர் சொல்லாமல் இதையே உதாரணமாகச் சொன்னேன். அவளுடைய மூத்த மகளும் அந்த வகுப்பில் இருந்தாள்.

மூன்று வருஷம் கழித்து மரம் காய்த்தது. அதன்பிறகு கோடாலி அந்தப் பக்கம் போனதில்லை. ஆகவே, காத்தவன் என்று எழுதியதில் பிழை இல்லை.

ஜனவரி 24, புதன்

மிளகு பறிப்பு நாளை. ஏணி இரவல் வாங்க வேண்டும்.

ஜனவரி 30, செவ்வாய்

குழு வந்தது. கார்குழலி, நரைத்த மீசையோடு ஒரு தலைவர், குறிப்பெடுக்க ஒருவர். மரத்தடியில் மேசை போட்டு வைத்திருந்தேன். காய் பறித்துக் கொடுக்க ஆள் வேண்டுமே என்று லூர்து வெள்ளத்தாயியை வரச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை.

தலைவர் தொங்கிய ஒரு காயைத் தொட்டு, "இது முத்தினதா சார்?" என்று கேட்டார். பறித்து ஆட்டினேன். "முத்தினதுதான்" என்றேன்.

"அது இன்னும் ரெண்டு வாரம் கிடந்திருக்கணும் சார்" என்றாள் வெள்ளத்தாயி, குரலை உயர்த்தாமல். வேறொன்றை வலையில் இறக்கி, தலைவரின் காதோரம் ஆட்டிக் காட்டினாள். அவர் குழந்தை மாதிரி சிரித்தார். "கேக்குதும்மா, கேக்குது!"

கனியவைத்த பழங்களை அறுத்துச் சாப்பிட்டார்கள். நார் இல்லை, நீர் கோக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் ஏழாவது கட்டத்துக்கு வந்தார்.

"நீங்களே சொல்லுங்க சார். இந்த மரம் எப்படி வந்துச்சு?"

சொன்னேன். தனித்தாளில் எழுதியதைத்தான் சொன்னேன். வகுப்பில் பேசுவது போலக் கோர்வையாக வந்தது. நாற்றைக் கவனித்தது, முள்வேலி கட்டியது, கோடையில் குடத்தில் தண்ணீர் ஊற்றியது. முள்வேலியும் குடமும் தனித்தாளில்கூட இல்லை. பேசும்போது சேர்ந்துகொண்டன.

கார்குழலி நிமிர்ந்து, வெள்ளத்தாயியைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்கு இந்த மரத்தப் பத்தி நல்லாத் தெரியுதே. சின்னதுலேருந்து சார்தான் பாத்துக்கிட்டாரா?"

தொரட்டியை ஊன்றி நின்றவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். லூர்து பழத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

"ஆமாம்மா. சார்தான் பாத்துக்கிட்டாக" என்றாள் வெள்ளத்தாயி. "குடத்துல தண்ணி ஊத்துனாக."

தலைவர் குறித்துக்கொண்டார். ஜீப் கிளம்பிப் போன பிறகு லூர்து எனக்கு மட்டும் தட்டு வைத்தாள். சாப்பாடு போட்டாள், கறி இருந்தது, உப்பும் சரியாக இருந்தது.

ஜனவரி 31, புதன்

காலனிக்குப் போனேன். வெள்ளத்தாயி முற்றத்தில் முறத்தை வைத்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலியை எடுத்துப் போட்டாள்.

"நேத்து ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எப்படி சார்?"

"நான்தான் தண்ணி ஊத்தினேன்னு."

"நீங்கதான சொன்னீக?"

"நான் சொன்னேன். உனக்கு நடந்தது தெரியும்ல?"

முறத்தை ஒரு தட்டுத் தட்டி, பொக்கு மிளகை ஓரத்துக்கு ஒதுக்கினாள். "தெரியும். ஆனா நீங்க சொன்னது பொய்யின்னு அவுக முன்னாடி நான் சொன்னா என்ன ஆகும்? அப்ப மரத்தப் பத்தி எழுதிக் குடுத்ததும் பொய்யாத்தான் இருக்கும்னு ஜீப்ப எடுத்துட்டுப் போயிருவாக. மரம் என்ன சார் பண்ணுச்சு?"

ஓரத்தில் கிடந்த பொக்கு மிளகு ஒன்றை எடுத்து விரலில் நசுக்கினேன்.

"யாரு பேரு போட்டா என்ன, பேரு போட்ட மரத்த வெட்ட மாட்டாகல்ல? அது போதும். காப்பி போடவா சார்?"

இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5, திங்கள்

கார்குழலிக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் மூன்று வரி எழுதி வைத்துக்கொண்டுதான் செய்தேன். அவர் எடுத்ததும், "சார், நானே கூப்பிடணும்னு இருந்தேன்! வேர்ல நோய்க்கிருமி இருக்கு, ஆனா மரத்த அது ஒண்ணும் பண்ணல. அபூர்வம் சார். குழுவுக்கு ரொம்ப சந்தோஷம். செபஸ்தியான்-1 நிச்சயமாப் பதிவாயிரும்" என்றார்.

"இலை மாதிரி ஏதாவது அனுப்பணுமா?" என்று கேட்டேன்.

"தேவையில்ல சார்."

மூன்று வரி எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். லூர்து துணி துவைக்கும்போது எடுத்து, ஈரமில்லாமல் மேசையில் வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 8, வியாழன்

இதற்கு ஓர் உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது. 1987, ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு. இரண்டு விடைத்தாள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. இருவரையும் நிறுத்திக் கேட்டேன். நன்றாகப் படிக்கிற பெண், "நான்தான் சார் அவளப் பாத்து எழுதினேன்" என்றாள். பக்கத்தில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். பார்த்து எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒப்புக்கொண்டவளுக்குத்தான் பூஜ்யம் போட்டேன். நியாயம் என்றால் வாக்குமூலத்தை வைத்துத்தான் என்று சொல்லிக்கொண்டேன். குனிந்து நின்ற பெண்ணின் முகம் எப்படி இருந்தது என்று அன்று நான் பார்க்கவில்லை.

இதற்குமேல் உதாரணம் வேண்டாம்.

பிப்ரவரி 11, ஞாயிறு

பூசைக்குப் போனோம். வரும் வழியில் மூன்று பேர் மரத்தைப் பற்றிக் கேட்டார்கள். "அதான் பேரே வச்சாச்சாமே?" என்றார் ஒருவர். லூர்து எனக்கு முன்னால் நடந்தாள்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தோம். நாளைக்கு என்ன கிழமை என்று கேட்பது போல லூர்து, "ஏழேகால் பஸ்ஸு இப்ப சரியா வருதாம்" என்றாள்.

எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

இரண்டு பஸ் மாறி ஆராய்ச்சி நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. கார்குழலி நாற்றங்காலில் இருந்தார். கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாகப் பட்டர் கன்றுகள். கொட்டை இரண்டாகப் பிளந்து நடுவில் தண்டு எழுந்திருந்தது.

"என்ன சார், சொல்லாம கொள்ளாம?"

நின்றபடியே சொன்னேன். மரத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. முள்வேலி கட்டவில்லை. ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை. காய் முற்றியதா என்று பார்க்க எனக்குத் தெரியாததை அன்று நீங்களே பார்த்தீர்கள். ஒன்பதாம் கட்டமும் பத்தாம் கட்டமும் வெள்ளத்தாயி சொன்னது, நான் காதால் கேட்டு எழுதியது. காத்தவர் வெள்ளத்தாயி.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இதுக்கா சார் இவ்வளவு தூரம் வந்தீங்க? அன்னைக்குப் போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தாம்மா போன் பண்ணினேன்."

குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டார். பிறகு அறைக்குப் போய்ப் புதுப் படிவம் ஒன்றும், நில உரிமையாளர் சம்மதம் தெரிவிக்க ஒரு தனித்தாளும் எடுத்துவந்தார். "திங்கக்கிழமை காலையில என் மேசையில இருக்கணும். அவங்க சொல்லச் சொல்ல, அவங்க வார்த்தையிலயே எழுதுங்க சார். தயவுசெஞ்சு அழகுபடுத்தாதீங்க."

"மரத்துக்கு ஏதும் பாதகம் வருமா?"

"மரம் என்ன சார் பண்ணுச்சு?" என்றார் அவரும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகள் பதினேழையும் நின்றுகொண்டே கடந்தேன்.

பிப்ரவரி 17, சனி

வெள்ளத்தாயியை லூர்து அழைத்துவந்தாள். ஆதார் அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் கூடத்து மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். பயம்தான் வந்தது.

"என் பேருல இருந்தா, வெட்டுனா யாரு சார் கேப்பாக? உங்க பேருல இருக்கட்டும்."

"தாய் மரம்னு பதிவான பிறகு யார் நிலத்துல நின்னாலும் ஆராய்ச்சி நிலையத்தக் கேக்காம தொட முடியாது. அப்படின்னு தனித்தாள்ல நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அத வாசிங்க" என்றார். வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அதன்பிறகுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆறாவது கட்டம், ரகத்துக்குப் பெயர். ஊரில் சொல்வதையே வைக்கலாமே என்றாள் லூர்து. வெள்ளத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "எம் பேரச் சொல்லி ஒட்டுக்கன்னு விப்பாகளா? 'ரெண்டு வெள்ளத்தாயி குடுங்க'ன்னு கேப்பாகளே!" லூர்துவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அதையே எழுதினேன்.

ஏழாவது கட்டம். "எப்படி முளைச்சுச்சு? நீங்க சொல்றத அப்படியே எழுதுறேன்."

"எழுத என்ன இருக்கு சார். ரெண்டாவது மக வயித்துல இருந்தப்ப பங்களாச் சமையக்காரரு பாதிப் பழம் குடுத்தாரு. தின்னுட்டுக் கொட்டையக் கழுவுற எடத்துல போட்டேன். மொளச்சுச்சு. சொவத்துக்குள்ள வேரு போகும், புடுங்குன்னாக எல்லாரும். எங்க வீட்டுக்காரரும் சொன்னாரு. மொளச்சது என்னமோ ரெண்டு கைய விரிச்ச மாதிரி நின்னுச்சு. புடுங்க மனசு வரல."

"அப்புறம்?"

"அப்பறம் என்ன? புடுங்கல. அம்புட்டுதான்."

அம்புட்டையும் எழுதினேன். கட்டத்தில் பாதிக்குமேல் இடம் மிச்சம் கிடந்தது.

மஞ்சள் துணியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "சாமிக்கு நேரல சார். சும்மாத்தான் கட்டுனேன். அதையும் எழுதிருங்க. நானும் பொய் சொல்லியிருக்கேன்ல."

பதினொன்றாவது கட்டத்துக்கு வந்தோம். 'இடையூறுகள்'. இதை அவரைச் சொல்லவைக்க எனக்கு விருப்பமில்லை. நானே எழுதி வாசித்துக் காட்டினேன்: "நில உரிமையாளர் செபஸ்தியான் இம்மரத்தை வெட்ட ஒரு முறை ஆள் அழைத்துவந்தார். வெள்ளத்தாயி தடுத்தார்."

பேனாவை மூடப்போனேன்.

"ஒரு முறைன்னா?" என்று கேட்டார்.

"ஒரு தடவை."

அவர் லூர்துவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "துணி கட்டிப் பத்து வருஷம் கழிச்சு, மூத்த மக பேறுகாலத்துக்கு நான் பெரியகுளம் ஆஸ்பத்திரியில பத்து நாளு கெடந்தேன். அப்ப ஒருக்கா ஆள் வந்தான்ல சார். கோடாலிய ஓங்குறப்ப மழ புடிச்சுக்கிச்சு, மறுநாளு வாறேன்னு போனவன் அப்படியே வராம இருந்துட்டான். அவனே எங்கிட்ட வந்து சொன்னான்."

லூர்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தொரு வருஷமாக இது அவளுக்குத் தெரியாது. இந்த நாட்குறிப்புக்கும் தெரியாது.

வெள்ளத்தாயியின் குரலில் கோபம் எதுவும் இல்லை. மேசைமேல் குனிந்து, அந்த வரி எது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டுன்னு போடுங்க."

'ஒரு முறை' என்பதை அடித்து, மேலே 'இரண்டு முறை' என்று எழுதினேன். திருத்தம் இருந்தால் எழுதியவர் பக்கத்தில் கையொப்பம் இட வேண்டும் என்று படிவத்தின் அடியில் ஒரு விதி இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை அவர் விரலை எடுக்கவில்லை.